உள்ளே விட்ட துணி

முதலில் முரண்டு பிடித்தது ஒரு கொக்கி. சிகிச்சையெல்லாம் முடிந்து, மொட்டையாக இருந்த தலையில் முடி சுருள் சுருளாக முளைத்திருந்த சமயம். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஜாக்கெட்டின் கீழ்க் கொக்கி வளையத்தை எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்து மாட்டினேன். மூச்சை விட்டதும் தெறித்துக்கொண்டது.

நான் தையல்காரி. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு வெகுகாலமாக ஜாக்கெட் தைக்கிறேன். அடுத்தவர் பெருத்ததும் இளைத்ததும் அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். என் உடம்பு விஷயத்தில் மட்டும் கொக்கியைக் குறை சொன்னேன். துவைத்ததில் துணி சுருங்கிவிட்டது என்றும் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் எந்தப் பெண்ணும் ஜாக்கெட்டை உடம்பு அளவுக்கே வெட்ட விடமாட்டாள். "உள்ள துணி விட்டுத் தையிங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அதனால் பக்கவாட்டில் மூன்று வரிசை தையல் ஓட்டி, அதற்கும் அப்பால் கொஞ்சம் துணியை மடித்து உள்ளே விடுவோம். உடம்பு வைத்தால் ஒரு வரிசையைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். இன்னும் வைத்தால் இன்னொரு வரிசை. அன்று நான் முதல் வரிசையைப் பிரித்தேன். கல்யாண வீட்டில் இலையில் வைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

எனக்கு வந்தது இடது மார்பில். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. மதுரையில் மாஸ்டெக்டமி (மார்பை முழுவதுமாக எடுத்துவிடும் அறுவை சிகிச்சை) செய்தார்கள். பிறகு கீமோ, பிறகு கதிர்வீச்சு, பிறகு தினம் ஒரு ஹார்மோன் தடுப்பு மாத்திரை (பெண்ணுடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மருந்து). அந்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்றார்கள். வருடக்கணக்கில் என்ற சொல் அப்போது எனக்குப் பிடித்திருந்தது.

கீமோ என்றால் ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு நேர்மாறாக நடந்தது. கீமோவோடு ஸ்டீராய்டு (வாந்தியையும் ஒவ்வாமையையும் அடக்கும் மருந்து) தருவார்கள். அது பசியைக் கிளப்பிவிடும். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மறுபடி பசிக்கும். கூடவே அலுப்பு. மிஷினில் உட்கார முடியாமல் படுத்தே கிடந்தேன். தின்பதும் படுப்பதுமாக உடம்பு ஏறாமல் என்ன செய்யும்? ஆனால் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை, நானும்தான்.

என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, தேவதானத்திலிருந்து பஸ் ஏறி வருவார். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மினுங்க உளுந்தங்களி கிண்டிக்கொண்டு வருவார். "நோயி தின்ன ஒடம்பு பேச்சி. எம்புட்டுத் தின்னாலும் தகும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைப்பார். துணி கொடுக்க வருகிற பெண்கள் வாசலிலேயே நின்று பார்ப்பார்கள். "பூசினாப்ல ஆயிட்டியேக்கா! கேன்சர் வந்த ஒடம்புன்னு யாரு சொல்லுவா?" என்பார்கள். எனக்கு அது நல்ல சேதியாக இருந்தது. பெருத்திருந்தால் பிழைத்துவிட்டேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். இரண்டாவது வரிசையையும் சிரித்துக்கொண்டே பிரித்தேன்.

இன்னொரு வேலையும் கூடியது. எடுத்துவிட்ட மார்புக்குப் பதிலாக வைக்கக் கடையில் விற்பது எனக்கு ஒத்துவரவில்லை, வேர்த்துக் கொட்டியது. நானே காடாத் துணியில் ஒரு பை தைத்தேன். பஞ்சு அடைத்தால் கனம் இருக்காது, ஜாக்கெட் அந்தப் பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். அதனால் கடுகை நிரப்பித் தைத்தேன். உடம்பு வைக்க வைக்க வலது மார்பும் பெருத்தது. இடது பக்கப் பையைப் பிரித்து அவ்வப்போது ஒரு கை கடுகு சேர்த்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மதுரையிலிருந்து புற்றுநோய் டாக்டர் வந்து போவார். நடுவயதுப் பெண்மணி, அதிர்ந்து பேசாதவர். தொடர் பரிசோதனைக்கு அவரிடம்தான் போவோம். அன்று எடை பார்க்கும் மிஷினில் ஏறி நின்றதும் நர்ஸ் இரண்டாம் தடவை ஏறச் சொன்னாள். நோய்க்கு முன்பு அறுபதைத் தாண்டாதவள், எண்பதைத் தொட்டிருந்தேன்.

"எடையைக் குறைக்கணும்மா" என்றார் டாக்டர். "மாதவிலக்கு நின்ன பிறகு உடம்புக் கொழுப்புலதான் ஈஸ்ட்ரோஜன் உண்டாகுது. உங்களுக்கு வந்த கட்டி அதை வச்சு வளர்ற வகை. எடை கூடினா நோய் திரும்பி வர்ற வாய்ப்பும் கூடலாம். பயமுறுத்தச் சொல்லல. உங்க கையில இருக்கிற விஷயம் இது ஒண்ணுதான்."

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு நூற்பாலையில் செக்யூரிட்டி. மகனும் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே இருக்கிறான். டாக்டர் சொன்னதை வேறு யாராக இருந்தாலும் புத்திமதியாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். இவர் உத்தரவாக எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில் எனக்கு வழக்கமாக வாங்கித் தரும் பால்கோவாவை வாங்கவில்லை. மறுநாளே ஒரு எடை மிஷினை வாங்கிவந்து என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதோடு நான் பட்டாளத்தில் சேர்ந்தேன். விடியும் முன்பே "ஏட்டி பேச்சி, எந்திரி" என்று குரல் வரும். சஞ்சீவி மலை அடிவாரம் வரை நடை. ஹார்மோன் மாத்திரையால் மூட்டெல்லாம் வலிக்கும், முதல் கொஞ்ச தூரம் நொண்டிக்கொண்டுதான் போவேன். அவர் முன்னால் போய் நின்று, நான் வந்து சேர்ந்ததும் மறுபடி முன்னால் போவார். சோறு ஒரு கரண்டி, அதுவும் மத்தியானம் மட்டும். காலையில் கேப்பைக் கூழ், ராத்திரி கொள்ளு ரசமும் வேகவைத்த காயும். காப்பியில் சீனி கிடையாது. அவரும் அதையேதான் சாப்பிட்டார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

எடை பார்க்கும் நாளில் எனக்கு எதிரே விறைப்பாக நிற்பார். "மொதல்ல அந்தக் கடுகுப் பைய எடுத்து வையி. நீ ஏறுறது பத்தாதுன்னு கடுகு வேற ஏறுதாக்கும்" என்பார். நான் சிரித்துவிடுவேன். பையை எடுத்துத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு ஏறுவேன். எடை அப்படியே நிற்கும். சில தடவை கூடவும் செய்யும்.

இந்தக் கட்டத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எடை குறையாதது உங்கள் சோம்பலால் அல்ல. மாதவிலக்கை மருந்தால் நிறுத்திய உடம்பு, ஸ்டீராய்டு ஊறிய உடம்பு, சதை கரைந்து கொழுப்பு சேர்ந்த உடம்பு அது. பட்டினி கிடந்தாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதை டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். ஆனாலும் பசி இருக்கிறதே, அது விளக்கத்தைக் கேட்காது. அந்த மாதங்களில் எனக்கு இருந்தது அசல் பசி. வாடிக்கையாளர் வீட்டுப் பிரியாணி வாசம் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தால்கூட மோந்து பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் மதினி களியோடு வந்தார். என் வீட்டுக்காரர் தூக்குச் சட்டியின் மூடியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார். "இதெல்லாம் இனிமே இவளுக்கு ஆகாதுக்கா."

மதினிக்கு முகம் சுண்டிப்போனது. "நோயிலருந்து பொழச்சு வந்தவளப் பட்டினி போட்டுக் கொன்னுராத தம்பி" என்றார். செத்த நேரம்கூட உட்காரவில்லை, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்று எனக்கு அழுகை வந்தது மதினிக்காக இல்லை, களிக்காக. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

பிறகு, கோடை போய் மேற்கேயிருந்து மேகாற்று வீசத் தொடங்கியபோது, எடை இறங்க ஆரம்பித்தது.

முதல் தடவை இறங்கியபோது அவர் நம்பவில்லை. மிஷினைத் தூக்கித் தட்டிப் பார்த்துவிட்டுத் தான் ஏறி நின்று சரிபார்த்தார். அடுத்த தடவையும் இறங்கியது. "பாத்தியா, பாத்தியா!" என்று கையைத் தட்டினார். நூற்பாலையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அங்கே ஒருவர் தன் சம்சாரத்துக்கும் யோசனை கேட்டாராம். மகனுக்குப் போன் போட்டு, "ஒங்கம்மா இப்ப நம்ம ரெண்டு பேரையும் விட ஃபிட்டு" என்றார். எனக்கு இருபது வயதில் பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

எனக்கும் சந்தோஷம்தான். பிரித்து விட்ட வரிசைகளை மறுபடி பிடித்துத் தைத்தேன். கடுகுப் பையிலிருந்து ஒரு கை எடுத்து அஞ்சறைப் பெட்டியில் போட்டேன். எல்லாவற்றையும் விடப் பெரிய அதிசயம், பசி போய்விட்டது. நாலு வாய் உள்ளே போனதும் வயிறு நிறைந்துவிடும். உடம்பு ஒருவழியாகப் பழகிக்கொண்டது என்று நினைத்தேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. என் அளவை நானே எடுத்தபோது கைச்சுற்று நன்றாகக் குறைந்திருந்தது. தோள் இறங்கி, ஜாக்கெட்டின் கழுத்து சரிந்தது. ஆனால் பாவாடை நாடாவை எப்போதும் முடிகிற இடத்தில்தான் முடிந்தேன், அதுவும் இறுக்கமாக இருந்தது. இளைக்கிற பெண்கள் இப்படி இளைத்து நான் பார்த்ததில்லை. அவரிடம் சொன்னேன். "வயிறு கடைசியாத்தான் கொறையும், எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ" என்றார். அதுவும் சரிதான் என்று டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

அடுத்த பரிசோதனைக்கு இருவரும் பரிசு வாங்கப் போகிறவர்கள் போலக் கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிற வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். இன்று மட்டும் பால்கோவா உண்டு என்றார். ஆஸ்பத்திரியில் நான் எடை மிஷினில் ஏறுமுன் செருப்பைக் கழற்றச் சொல்லி, அவரே எண்ணை நர்ஸுக்கு வாசித்தார்.

நர்ஸ் எழுதியிருந்த எடையை டாக்டர் பார்த்தார். பழையதைப் பார்த்தார். "நல்லா குறைஞ்சிருக்கே" என்றார். பிறகு, "பசி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"பசியே இல்ல டாக்டர். ஜெயிச்சிட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கொஞ்சம் படுங்க" என்றார். வலது விலா எலும்புக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தினார். மூச்சை இழுக்கச் சொன்னார். வயிற்றின் பக்கவாட்டில் தட்டித் தட்டிக் கேட்டார். ரொம்ப நேரம் தட்டினார். என் வீட்டுக்காரர் திரைக்கு அந்தப் பக்கம் இன்னும் நூற்பாலைக் கதையை நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதை முடியும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். மெட்டாஸ்டேசிஸ் (மூல இடத்திலிருந்து கிளம்பிய புற்று வேறொரு உறுப்பில் போய் வேர் பிடிப்பது) என்றார்கள். கல்லீரல் முழுக்கப் பரவியிருந்தது. அசைட்டிஸ் (வயிற்றுக்குள் நீர் கோத்துக்கொள்வது) வேறு. நாடா இறுக்கமாக இருந்ததற்குக் காரணம் அந்த நீர். கையும் தோளும் இளைத்ததற்குக் காரணம் நடையோ கொள்ளு ரசமோ அல்ல.

மருந்து மாற்றினார்கள். அது நோயைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடும், தீர்க்காது என்பதை டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் இவளக் கொறையச் சாப்பிட வச்சேன். அதனால வந்துச்சா டாக்டர்?"

"இல்லவே இல்ல. நீங்க செஞ்சது சரியான வேலை. எடை அப்படியே இருந்திருந்தாலும் இது வந்திருக்கும். சாப்பாட்டைக் குறைச்சதுனாலயோ நடந்ததுனாலயோ வரல."

அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டர் என் பக்கம் திரும்பி, "இனிமே எடையைக் குறைக்க வேண்டாம்மா. என்ன பிடிக்குதோ சாப்பிடுங்க, எவ்வளவு முடியுதோ சாப்பிடுங்க" என்றார். உலகத்தில் யாருக்கும் இப்படி ஒரு அனுமதி கிடைக்கக் கூடாது.

இப்போது வீட்டில் எல்லாம் இருக்கிறது. பால்கோவா இருக்கிறது. குழைய வடித்த சோறும் நெய்யும் இருக்கிறது. அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலருகே உட்கார்ந்து, "ஒரே ஒரு வாயி பேச்சி. இந்த ஒண்ணு மட்டும்" என்கிறார். பசியோடு இருந்தபோது பறித்த தட்டைப் பசி போன பிறகு நீட்டுகிறார். சில நாள் அந்தத் தட்டைத் தட்டிவிடத் தோன்றும். எனக்குக் கோபம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்குக் கிடைத்த கடைசி நல்ல பசியை நான் கேப்பைக் கூழில் கழித்தேன். அது யார் குற்றமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது.

மதினி களியோடு வந்தார். என் வீட்டுக்காரர் சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "அக்கா, நீ அன்னைக்குச் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"அதப் பொறவு பேசலாம், இப்ப ஆறிரும்" என்று மதினி தட்டத்தில் வைத்தார். நான் நுனி விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். கருப்பட்டி தெரிந்தது, விழுங்க முடியவில்லை. மதினி முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டார்.

என்னைப் போல் இருப்பவர்களுக்கு நான் சொல்ல முடிவது கொஞ்சம்தான். நடங்கள், சோற்றைக் குறையுங்கள், அது சரியான வேலை என்று டாக்டர் சொன்னதை நானும் திருப்பிச் சொல்கிறேன். ஆனால் எடை கூடினால் பதறுகிற நாம், குறைந்தால் கைதட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறோம். பசி போனால், நாலு வாயில் வயிறு நிறைந்தால், கையும் தோளும் இளைத்து வயிறு மட்டும் இளைக்காவிட்டால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். முன்னாலேயே போயிருந்தால் எனக்கு என்ன மாறியிருக்கும் என்று கேட்டேன். "பெருசா ஒண்ணும் இல்லம்மா" என்றார் டாக்டர். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஆறுதலடைவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எடை மிஷின் இப்போதும் தையல் மிஷினுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. யாரும் ஏறுவதில்லை. அதன் மேல், முன்பு வெட்டித் தைக்காமல் விட்ட துணிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். வயிற்றிலிருந்து நீரை ஊசி போட்டு எடுக்கிறார்கள், மறுபடி ஊறுகிறது. என் எடையில் எது நான், எது நீர், எது நோய் என்று எந்த மிஷினும் பிரித்துச் சொல்லப்போவதில்லை. கடுகுப் பை பாதிக்குமேல் காலியாகிவிட்டது. எனக்கு மிச்சமிருக்கிற நாள் கணக்கும் அப்படியே குறைந்துவிட்டது. துணி கொடுக்க வருகிறவர்கள் சித்திரையில் கல்யாணம், ஆடிப்பூரத் தேருக்கு வேண்டும் என்று தேதி சொல்கிறார்கள். நான் தலையாட்டிவிட்டு, பக்கத்துத் தெருத் தையல்காரியிடம் போகச் சொல்லி அனுப்புகிறேன்.

பொங்கலுக்கு மகன் லீவில் வருகிறான். அவன் அனுப்பிய பணத்தில் என் வீட்டுக்காரர் எனக்கொரு புடவை எடுத்துவந்தார், அரக்குச் சிவப்பு. அதன் ஜாக்கெட்டை நானே தைக்கிறேன் என்றேன். முடியுமா என்று கேட்டார். உட்கார்ந்தே வெட்டுகிறேன் என்றேன்.

அவர் துணியை மேஜையில் விரித்துப் பிடித்துக்கொண்டார். நான் சாக்கட்டியால் அளவைக் கோடிட்டேன். கோட்டுக்கு வெளியே வழக்கமாக விடுகிற துணியை விடவில்லை. ஒரு தையலுக்கு மட்டும் விட்டு, அதை ஒட்டியே கத்தரியை ஓட்டினேன்.

"ஏட்டி, உள்ள துணி விடலையா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. இதுதான் அளவு."

வெட்டியெடுத்த துண்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.